ஜவ்வாது மலையில் ஒரு காய்கறித் தோட்டம்

ஊட்டி, கொடைக்கானல் என்றால் உடனே பெட்டியைக் கட்டுகிறோம். ஏற்காடு என்றாலும் சரி. ஆனால் "ஜவ்வாது மலைக்குப் போய்விட்டு வந்தேன்" என்று சொன்னால், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது இந்த மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. போளூரில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து மேலே போய் ஜமுனாமரத்தூரில் இறக்கிவிடுவார்கள். வழியெல்லாம் காடு. வெயில் கொளுத்தும் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏறினால், பாதி மலையிலேயே காற்று மாறிவிடுவது தெரியும்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பீமன் அருவி இருக்கிறது. காவலூரில் வானத்தை ஆராயும் வேணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சுமார் 725 மீட்டர் உயரத்தில், ஊர் வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து 1968-ல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். 1986-ல் வந்த 93 அங்குலத் தொலைநோக்கி இன்றும் அங்கேதான் இருக்கிறது. கீழ்செப்பிலி பக்கம் ஆதி மனிதர்கள் பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பிய கல்வீடுகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் இங்கே எழுதப்போவது வேறு ஒன்றைப் பற்றி. ஒரு வீட்டின் பின்புறத்தில் இருந்த, பன்னிரண்டடிக்குப் பத்தடி மண்ணைப் பற்றி.

என் நாத்தனார் பள்ளி ஆசிரியை. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் வேலை கிடைத்து, இரண்டரை வயதுப் பெண் குழந்தையோடு குடிபோனாள். அவள் கணவருக்கு வேறு ஊரில் உத்தியோகம். வாரக் கடைசியில்தான் வருவார். ஒரு நாள் போன் வந்தது.

"அண்ணி, குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஒன்பதுதான் இருக்காம். பதினொண்ணுக்கு மேல இருக்கணுமாம். மருந்து கொடுத்திருக்காங்க. கீரை, காய் நிறையக் கொடுங்கன்னு நர்ஸம்மா சொல்றாங்க. இங்க கடையில வர்ற கீரை கீழேயிருந்து ஏறி வர்றதுக்குள்ளயே வாடிப்போயிடுது. நான் எங்கே போவேன்?"

குரல் கம்மியிருந்தது. ஆடி மாதம் பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஒரு வாரம் தங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இது அந்த ஒரு குழந்தையின் கதை மட்டும் இல்லை, சகோதரிகளே. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. பெண்களில் 100க்கு 53 பேருக்கு! பட்டணத்தில் இருப்பவர்களும் இதில் அடக்கம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறி வேண்டும் என்று 2024-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லியிருக்கிறது. நம் வீட்டுக் கூட்டையும் பொரியலையும் நிறுத்துப் பார்த்தால் அதில் பாதி தேறுமா?

எதற்குக் கொல்லை என்று பெயர்?

பின்புறம் முழுக்கப் புல்லும் செங்கல் துண்டுமாகக் கிடந்தது. "இந்தக் கொல்லையைச் சுத்தம் பண்ணினாலே போதும், பாத்தி போட்டுவிடலாம்" என்று நான் சொல்ல, வேலிக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊரே அவரை ஆயா என்றுதான் கூப்பிடுகிறது.

"கொல்லைன்னா அதோ மேல இருக்குதே, சாமை போடற நிலம், அதும்மா. இது ஊட்டுப் பின்னால. இதப் போயி கொல்லைங்கறியே!"

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரியான எனக்கு வீட்டின் பின்புறம்தான் கொல்லை. வட மாவட்டங்களில் மானாவாரி நிலத்துக்கு அந்தப் பெயர். அந்தச் சிரிப்பில் தொடங்கியதுதான் எங்கள் சிநேகம்.

ஆயா மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். கேரளத்து மலையாளி இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக இவர்களிடம் வழிவழியாக ஒரு கதை உண்டு. ஆடியில் சாமை விதைத்து, ஐப்பசி வாக்கில் அறுப்பார்கள். தேன், புளி, பலா என்று காடும் கொடுக்கும். இருந்தாலும் கைக்காசு போதாது. கேரளத்துத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்துக்கும் திருப்பூருக்கும் ஆண்கள் வேலைக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களில் பலர் இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். அந்தப் பேச்சு வந்தபோது ஆயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ஆம்பள ஊட்ல இருந்தாலும் இல்லாட்டியும் புள்ளைங்களுக்குப் பசிக்குமில்ல? ஊட்டுப் பின்னால நாலு செடி இருந்தா குழம்புக்கு ஆச்சு. யாரு கிட்டயும் போயி நிக்க வேணாம்."

தோட்டம் என்றால் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது ஒரு பாடம்தான்.

முதல் இரண்டு நாள்: வெயிலும் மண்ணும்

"விதைய அப்புறம் வாங்கு. மொதல்ல வெயில் எங்க விழுதுன்னு பாரு" என்றார் ஆயா. காலை எட்டுக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தோம். காய்க்கும் செடிகளுக்கு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். புதினா, கொத்துமல்லிக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை.

மலை வீடு என்பதால் மண் சரிவாக இருந்தது. பாத்தியைச் சரிவின் குறுக்கே போட வேண்டும் என்று ஆயா காட்டிக்கொடுத்தார். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒரே மழையில் மண்ணும் விதையும் அடித்துக்கொண்டு போய்விடும். மூன்றடி அகலம், பத்தடி நீளத்தில் மூன்று பாத்திகள். நடுவே ஒன்றரை அடியில் இரண்டு நடைபாதை. மூன்றடி அகலம் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையை நீட்டினால் நடுவரை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும்.

ஓரடி ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, பாத்திக்கு இரண்டு கூடை மக்கிய தொழுவுரம் கலந்தோம். மக்கியது என்பதில் கண்டிப்பு வேண்டும். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் சூடு ஏறி வேர் வெந்துவிடும், புழுவும் வரும். நன்றாக மக்கிய எருவில் சாண வாடையே இருக்காது. பொலபொலவென்று டீத்தூள் போலிருக்கும்.

மண் பதம் பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஈர மண்ணை ஒரு பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். உருண்டை பிடிக்க வந்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களிமண்ணாக இருந்தால் மணலும் எருவும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். பிடிக்கவே வராவிட்டால் எரு இன்னும் போட வேண்டும்.

என்ன போட்டோம்?

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். தென்மேற்குப் பருவ மழை மண்ணை நனைத்திருக்கும். செடி வேர் பிடித்து நிற்கும்போது வடகிழக்கு மழை வந்துவிடும். ஆடியை விட்டவர்களுக்குத் தைப் பட்டம் இருக்கிறது.

முதல் பாத்தி கீரைக்கு. பத்தடியையும் இரண்டிரண்டு அடியாக ஐந்து கட்டமாகப் பிரித்தோம். வாரம் ஒரு கட்டத்தில் மட்டும் விதை. சிறுகீரை, முளைக்கீரை இரண்டும் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். ஐந்தாவது கட்டத்தில் விதைக்கும்போது முதல் கட்டத்தில் பறிக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூவிவிட்டால் ஒரு வாரம் கீரை மலையாகக் குவியும், பிறகு ஒரு மாதம் வெறும் மண்! கீரை விதை பொடி விதை. நாலு பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணை லேசாகக் கையால் தடவினால் போதும். குழாயைத் திறந்துவிட்டு ஊற்றாமல் பூவாளியால் தெளிக்க வேண்டும். அரைக்கீரையை மட்டும் வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் பல மாதம் வரும்.

இரண்டாவது பாத்திக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய். இவற்றை நாற்றாக நடுவதுதான் புதியவர்களுக்குச் சௌகரியம். விதை போட்டு நாற்று எடுக்கத் தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு 40 நாள் காத்திருக்க வேண்டும். ஆயா தன் நாற்றங்காலிலிருந்து பன்னிரண்டு நாற்று கொடுத்தார். ஒன்றரை அடிக்கு ஒன்றாக, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு நட்டோம். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் தண்ணீருக்கு உயிர்த் தண்ணீர் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்!

கத்தரி என்றதும் ஒரு சேதி. இந்த மலையின் வடக்கு அடிவாரத்துப் பக்கம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் இலவம்பாடி என்று ஓர் ஊர். அந்த ஊர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காம்பிலெல்லாம் முள். நறுக்கும்போது விரல் ஜாக்கிரதை. எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்கினால் அந்த ருசி தனி.

மூன்றாவது பாத்தியில் பாதி வெண்டை, பாதி கொத்தவரை. இவற்றுக்கு நாற்று கூடாது, நேரே விதைதான். வெண்டை விதையை இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். 45 நாளில் காய் பறிக்கலாம். வேலியோரம் ஒரு குழி எடுத்து எரு நிரப்பி நாலு சுரை விதை. முளைத்ததும் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். வடக்கு ஓரத்தில் ஒரு முருங்கை, அதன் நிழல் பாத்தியில் விழாதபடி. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு வாழை. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். அரிசி களைந்த தண்ணீர் எதற்கும் விடலாம்.

"அண்ணி, அவரையும் போட்டுடலாமா?" என்றாள் நாத்தனார். ஆயா பந்தல் கால் ஊன்றிக்கொடுத்தார். "போடு கண்ணு. ஆனா கார்த்திகைல பனி விழுந்தாத்தான் காய்க்கும். அதுக்குள்ள காயலயேன்னு பிடுங்கிப்புடாத!" நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறைந்தால்தான் பூ வரும். இதை ஆயா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

புரட்டாசியில் போனபோது

ஊருக்குத் திரும்பிய பிறகு வாரா வாரம் போனில் சேதி வரும். புரட்டாசி முடியும் சமயத்தில் மறுபடியும் போனேன். எல்லாமே செழித்துக் குலுங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. ஆவணியில் நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் தக்காளி நான்கில் இரண்டு வாடிச் செத்துவிட்டது. மீதி இரண்டுக்கும் ஆயா சொன்னபடி தூரில் மண் அணைத்து, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியிருந்தாள். ஒரு நாள் வேலிப்படல் திறந்திருக்க, ஆடு புகுந்து கொத்தவரையை மேய்ந்துவிட்டது. அன்றைக்கு அவள் அழுதே விட்டாளாம். ஆயா வந்து, "ஆடு தின்னா என்னா, மறுபடி துளுக்கும்" என்றாராம். துளிர்த்தது!

சுரையில் முதலில் பூத்த பூவெல்லாம் உதிர்ந்ததைப் பார்த்து இன்னொரு பயம். முதலில் வருவது ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ. சில நாள் பொறுத்தால் அதுவும் வரும். சுரைக்காய் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நறுக்கும்போது ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். சமைக்கவும் கூடாது, சாறாகவும் குடிக்கக் கூடாது. அந்தக் கசப்பு வயிற்றுக்கு விஷம்.

பூச்சிக்கு என்ன செய்தாள்? அவரைக் கொடியில் அசுவினி வந்தபோது, விடியற்காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவினாள். மற்றவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், அது கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். நன்றாகக் கலக்கிச் சாயங்காலத்தில் தெளிப்பு. கத்தரியில் நுனி தலை சாய்ந்தால் உள்ளே புழு என்று அர்த்தம். அந்த நுனியை ஒடித்து அழித்துவிட வேண்டும். பறிக்கிற காய் நேராகக் குழந்தையின் தட்டுக்குப் போகிறது, கடை மருந்து எதற்கு?

நான் இருந்த அன்றைக்குக் கூடையில் ஆறு கத்தரிக்காய், பதினைந்து வெண்டைக்காய், ஒரு சுரை, ஒரு கட்டு முளைக்கீரை. குழந்தை தானே ஒரு வெண்டைப் பிஞ்சை ஒடித்துப் பச்சையாகத் தின்றாள். கீரை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள்! தான் தண்ணீர் ஊற்றிய கீரை என்றால் தனி மரியாதை போலிருக்கிறது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். பத்தரையைத் தாண்டியிருந்தது. "நல்லா ஏறியிருக்கு. மருந்தை நிறுத்திடாதீங்க" என்றார் நர்ஸம்மா. இதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். கீரை மருந்துக்கு மாற்று அல்ல, துணை. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மருந்தை அவர் சொல்லும்வரை தொடர வேண்டும். கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர, கூடவே எலுமிச்சையோ நெல்லியோ தக்காளியோ இருக்கட்டும். சொட்டு எண்ணெய் விட்டுத் தாளித்தால் அதிலுள்ள ஏ வைட்டமினும் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் இரும்புச் சத்து வீணாகும்.

உங்கள் வீட்டுக்கு

"மலையில் இடம் இருக்கிறது, எங்களுக்கு ஏது?" என்று கேட்காதீர்கள். கஷ்ட காலத்தில் உலகம் முழுவதும் வீட்டுத் தோட்டத்தைத்தான் நாடியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 2 கோடி குடும்பங்கள் வீட்டில் காய்கறி போட்டன. 2022-ல் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். நம் ஊரிலும் தோட்டக்கலைத் துறை மூலம் மாடித் தோட்டப் பைகளும் விதைகளும் மானிய விலையில் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போது என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மாடியோ பால்கனியோ இருந்தால், அடியில் துளையிட்ட பழைய வாளி போதும். மண், மக்கிய எரு, தென்னை நார்க் கழிவு மூன்றும் சம பங்கு. கீரைக்கு அரையடி ஆழம், கத்தரி, மிளகாய்க்கு ஓரடி ஆழம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆசைப்பட்டுப் பத்து வகை வாங்க வேண்டாம். ஒரு கீரை, ஒரு வெண்டை, ஒரு மிளகாய். இந்த மூன்றும் கைக்கு வந்தால் மற்றது தானாக வரும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நாட்டு விதையாக வாங்குங்கள். வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை மறுபடி விதைத்தால் அதே காய் வராது. நாட்டு விதையாக இருந்தால், நல்ல செடியில் நடுவில் வந்த காயாகப் பார்த்து இரண்டை முற்ற விட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து வைத்துக்கொள்ளலாம். ஆயா வீட்டுக் கூரையில் காய்ந்த சுரைக் குடுவைகள் தொங்குகின்றன. உள்ளே விதைகள். நான் புறப்படும்போது ஒரு குடுவையைக் கவிழ்த்து, ஒரு பிடி அவரை விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"காசு வேணாம்மா. காய்ச்சா, நீயும் நாலு பேருக்கு விதை குடு" என்றார்.

தை பிறக்கட்டும் என்று காத்திராமல் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். காய் நறுக்கிய தோலையும் கீரைத் தண்டையும் குப்பையில் கொட்டாமல், ஒரு துளையிட்ட மண் தொட்டியில் போட்டு, அதைப் போல் இரண்டு பங்கு காய்ந்த இலையால் மூடி வையுங்கள். வாரம் ஒரு தடவை கிளறிவிடுங்கள். விதை போடும் நாள் வருவதற்குள் உங்கள் தோட்டத்துக்கான எரு தயாராகியிருக்கும்.